பின்சக்கரத்தின் முனகல்

காரின் பின்சக்கரம் கழன்றுவிட்டது. அதன் உள்ளே இருந்த பிரேக் டிரம்தான் வரமாட்டேன் என்றது. நூலகர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தார். பிறகு ஓங்கித் தட்டினார். விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது.

அப்போதுதான் ஹேண்ட் பிரேக் போட்டிருப்பது நினைவுக்கு வந்தது. அதை எடுத்துவிட்டதும் டிரம் சாதுவாகக் கையோடு வந்தது.

மறுநாள் காலை அவருடைய அக்கா வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். ஒரு வாரம் தங்கல். பழைய காரின் வலது பின்சக்கரத்திலோ சில நாளாக ஒரு முனகல். பேரிங் தேய்ந்துவிட்டது. மனைவியின் தம்பி நல்ல மெக்கானிக். அவனைக் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு மனைவி, "அவன் எதுக்குங்க? புத்தகத்துக்கு நடுவுலயே உக்காந்திருக்கீங்க. நீங்களே பண்ணிடுவீங்க" என்றாள்.

பல்பு மாற்றக்கூட அவரை ஸ்டூலில் ஏறவிடாதவள். நூலகருக்கு மனசு நிறைந்துபோயிற்று. தன் நூலகத்திலிருந்தே ஒரு பழுதுபார்க்கும் புத்தகத்தை எடுத்துவந்து, பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லரையும் வாடகைக்கு வாங்கிவந்துவிட்டார்.

அடுத்தது அச்சுத்தண்டு. பிடித்து இழுத்தார், அசையவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். தண்டோடு மல்லாந்து விழுந்தார். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலிலிருந்து கறுப்பு எண்ணெய் தாராளமாக ஒழுகி வாசலெல்லாம் பரவியது.

எண்ணெயை முதலில் வடிக்க வேண்டுமா என்று புத்தகத்தைப் புரட்டினார். முந்தின பக்கத்தில் போட்டிருந்தது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

மனைவி டீயோடு வந்தாள். எண்ணெயைப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை.

"கழுவிக்கலாம், விடுங்க."

"உன் தம்பியை ஒரு வார்த்தை கேட்டா..."

"இவ்வளவு தூரம் பண்ணிட்டு அவனுக்குப் பேர் வாங்கிக் குடுப்பீங்களா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மூன்று கால் நண்டு போலிருந்த புல்லரைத் தண்டிலிருந்த பேரிங்கின் விளிம்பில் மாட்டி, நடுத் திருகைத் திருகினார். 'டப்' என்று ஒரு சத்தம். வெளிவளையம் மட்டும் தெறித்துப் போயிற்று. உள்ளே இருந்த குண்டுகள் உருண்டோடிச் சாக்கடையில் இறங்கின. உள்வளையம் தண்டைக் கட்டிப்பிடித்தபடி அங்கேயே இருந்தது. அதையும் விடுவதில்லை என்று மறுபடி மாட்டித் திருகியதில் புல்லரின் ஒரு கால் ஒடிந்தது.

நூலகர் எண்ணெயிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்காவுக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்."

"பாவம், அண்ணி எவ்வளவு ஆசையா காத்திருப்பாங்க" என்று மனைவி பெருமூச்சு விட்டாள். போனையும் அவளே எடுத்துவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் மைத்துனன் தானாகவே வந்து நின்றான். தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டான்.

"உன்னைக் காலையிலயே கூப்பிட்டிருக்கணும், மாப்ள" என்றார் நூலகர். "உங்க அக்காதான் என்மேல இருந்த நம்பிக்கையில வேண்டாம்னுட்டா."

"அந்த முனகலை முந்தாநாளே கேட்டேன். நான் காலையிலயே புது பேரிங்கோட கிளம்பிட்டேன் மாமா. அக்காதான் போன்ல, 'நீ வந்தா மத்தியானத்துக்குள்ள கார் ஓடிரும், நாத்தனார் வீட்டுக்குப் போயாகணும். அவரே பண்ணட்டும்'னாங்க."