கடைசிப் போன்செக்குக்காக நடந்த பெரும்போர்

வாழ்க யாட்விகா! முடிவிலாப் பரிமாணங்களில் நடை பயின்றவள், சுண்ணத்தூள் படிந்த கறுப்புக் கம்பளிக் கவசத்தாள், போஸ்னான் நகரக் கணிதக் கூடத்தின் மூன்றாம் மாடியைக் கலக்கிய வீராங்கனை! அவள் புகழ் பாடச் சொல் தருக, கரும்பலகைக்கு அதிதெய்வமே!

நோன்பு தொடங்குமுன் ஊரே வயிறு முட்டத் தின்னும் கொழுப்பு வியாழனன்று, கருத்தரங்குத் தட்டில் எஞ்சியது ஒரே ஒரு போன்செக். ரோஜா ஜாமைக் கருவில் சுமந்து, எண்ணெயில் நீராடி, சர்க்கரைப் பனி போர்த்த பொன்னுருண்டை. புதிருக்குத் தின்பண்டத்தைப் பந்தயம் வைப்பது அவ்வூர்க் கணிதர் வழக்கம். ஆகவே போர் மூண்டது. திசையன் மதிப்புடைய தொடர்ச்சிச் சார்புகள் வாழும் மாபெரும் பானாக் வெளியில், தான் கண்டெடுத்த உள்வெளிக்கு நிரப்பியே இல்லை என்றாள் யாட்விகா. அதாவது முழுவெளியை அதுவும் மிச்சமுமாக ஒழுங்காகப் பிளக்க எவராலும் ஆகாது. தோற்றால் அவளுடைய இரண்டாண்டு உழைப்பு குப்பைக்கூடைக்குப் போகும்.

எதிர்நின்றார் நரைமீசைப் பேராசிரியர் போருட்ஸ்கி, எத்தனையோ தேற்றங்களைப் பிறந்த அன்றே புதைத்தவர்.

"இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? ஒவ்வொரு புள்ளியிலயும் தனித்தனியா அழகா பிளக்குது. எல்லாத்தையும் சேத்து ஒட்டிட்டா முடிஞ்சுபோச்சு. தட்ட இப்படித் தள்ளு!"

என முழங்கி, சுண்ணக்கட்டி நொறுங்க, பலகை அதிர, தேநீர்க் கோப்பைகள் நடுங்க, புள்ளிக்குப் புள்ளி ஒட்டிக்கொண்டே போனார் போருட்ஸ்கி. யாட்விகா அவர் ஒட்டிய இடங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். கிழவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால்?

ஈரப் பஞ்சை ஏந்தி எழுந்தாள். பலகையின் ஒரு மூலையைத் துடைத்தாள். ஒரே புள்ளியை ஒட்டி மட்டும் உயிர்த்து, பிற இடமெல்லாம் சுழியமாய்க் கிடக்கும் சார்பு என்னும் அஸ்திரத்தை அங்கே எய்தாள்.

"தாராளமா ஒட்டுங்க, புரொஃபசர். ஆனா பத்தாவது புள்ளியில பிளக்கப் பத்து மடங்கு பெரிய கத்தி வேணும். ஆயிரமாவதுல ஆயிரம் மடங்கு. மொத்தத்துக்கும் ஒரே கத்தின்னா அது எவ்ளோ பெருசு? சொல்லுங்க பாப்போம்!"

எந்த அளவைச் சொன்னாலும் அதற்கும் மேலே கேட்கும் ஒரு புள்ளி இருந்தது. சுண்ணக்கட்டி கைநழுவ, போருட்ஸ்கி நாற்காலியில் சாய்ந்தார்.

"சரி, எடுத்துக்கோ," என்றார், போன்செக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

வென்றவளின் நெஞ்சில் கருணை பெருக்கெடுத்தது. ஒழுங்காகப் பிளக்கவே ஆகாது என நிறுவிய அதே கரத்தால் காகிதம் வெட்டும் கத்தியை ஓங்கி, அப்பொன்னுருண்டையை நட்டநடுவே சரிபாதியாகப் பிளந்து, ஒன்றைத் தோற்றவர் முன் வைத்தாள்.

ஜாம் முழுவதும் அவருடைய பாதியில் இருந்தது.