நல்லசாமி எழுதிய சாபம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஃபேன் சத்தத்தில் என் குரல் எட்டாது. நெய்வேலியில் ஒரு மனிதர் தன் வீட்டு ஓலைச்சுவடியால் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"போதும் மேடம், இன்னொரு தடவ படிக்காதீங்க," என்றார் கொளஞ்சியப்பன்.

சுரங்கத்தில் ஃபிட்டர் அவர். அவருடைய குவார்ட்டர்ஸில், பூஜை அலமாரியில் கிடந்த மாட்டு வைத்தியச் சுவடியைப் பார்க்க வந்திருந்தார் பிரபாவதி. தோலில் எழுதிய லத்தீன் நூல், காகிதத்தில் எழுதிய அரபு நூல், நம் பனையோலை என்று எல்லாவற்றிலும் எழுதியவன் கடைசியில் என்ன சொல்லி முடிக்கிறான் என்பதுதான் அந்த அம்மாளின் ஆராய்ச்சி.

இந்தச் சுவடியின் கடைசி ஓலை சொன்னது இது: 'நெல்லிக்குப்பம் நல்லசாமி ஏடு. எடுத்துப் போய்த் திருப்பித் தராதவன் வீடு விளக்கில்லாமல் போகும்.'

பிரபாவதிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "எல்லா நாட்டுலயும் இதே சாபம்தான் சார்! ஒருத்தர் கண்ணு போகும்னு எழுதுறார், ஒருத்தர் கை அழுகும்னு எழுதுறார். நம்ம ஆளு விளக்கோட விட்டுட்டார். கையெழுத்துகூட கடைசியில மாறுது பாருங்க. பாவம், கை வலிச்சிருக்கும்."

கொளஞ்சியப்பன் ஓலையை விட்டு விலகி நின்றார். நெல்லிக்குப்பத்தில் அவருக்குச் சொந்தம் யாரும் இல்லை. சுவடியைக் கொண்டுவந்தவர் அப்பா மருதமுத்து. சுரங்க ஸ்டோர்ஸில் வேலை பார்த்தும் ஒரு போல்ட்டைக்கூட வீட்டுக்கு எடுத்து வராமல் ரிட்டையர் ஆனவர். அவர் காலமான பிறகும் அவர்கள் குடியிருந்த பிளாக்கில் 'மருதமுத்து மகன்' என்றால் தனி மரியாதை. அந்த அப்பாவா திருடினார்?

"மேடம், இத வெளிய சொல்லிடாதீங்க."

"ஐயோ, போட்டோவ எங்க குரூப்ல போட்டுட்டேனே சார். ஜெர்மனியில எல்லாரும் கைதட்டுறாங்க."

"அப்ப சுவடிய நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க."

"எப்படி வந்ததுன்னு சொல்ல முடியாத சுவடிய ஆராய்ச்சி பண்றவங்க வாங்கக் கூடாது சார்."

மறுநாள் ஷிஃப்டுக்குப் போகும் வழியில், பிள்ளையார் கோயிலில் சாமி காலடியில் அதைத் துணிப்பையோடு வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். பையில் அப்பாவின் பெயர் எழுதியிருந்ததைக் கவனிக்கவில்லை. வேலை முடிந்து வரும்போது ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது.

"மருதமுத்து ஐயா வீட்டுச் சுவடி கோயில்ல இருக்கு! அவங்க பையன் கொளஞ்சியப்பன் உடனே வந்து வாங்கிக்கவும்!"

வாங்கி வந்தார். என்ன விஷயம் என்று கேட்க வந்த பக்கத்து வீட்டாரிடம் மனைவி அமிர்தம் முந்திக்கொண்டாள்.

"எங்க மாமா ஒண்ணும் திருடலீங்க!"

அதுவரை யாரும் அப்படி நினைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பிளாக்கே நினைத்தது.

கொளஞ்சியப்பன் அப்பாவின் படத்துக்கு முன் நின்றார். சரிந்திருந்த மாலையை நேராக்கினார். 

ஞாயிற்றுக்கிழமை சுவடியோடு கிளம்பி, பண்ருட்டியில் பஸ் மாறி நெல்லிக்குப்பம் போனார். சொந்தக்காரர் கைக்கு அது போய்ச் சேருவதைப் பார்க்க வேண்டும் என்று பிரபாவதியும் கூடவே வந்தார்.

விசாரித்துக் கண்டுபிடித்த நல்லசாமி வீட்டு வாசலில் பாப்பா என்ற வயதான அம்மாள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பைக்குள்ளிருந்து சுவடி தலைநீட்டியதும் எழுந்து கதவை மறித்துக்கொண்டார்.

"இங்க ஒண்ணும் இல்ல! அவங்கவங்க வந்து எல்லாத்தையும் எடுத்துகினு பூட்டாங்க!"

"எடுக்க வரல ஆயா, குடுக்க வந்திருக்கேன்." கொளஞ்சியப்பன் சுவடியை வாசல்படியில் வைத்தார். "நான் மருதமுத்து மகன். எங்கப்பா உங்க வீட்டுச் சுவடிய எடுத்துட்டு வந்துட்டார். அவர மன்னிச்சிடுங்க."

சொல்லிவிட்டுப் பாப்பாவின் காலில் விழுந்தார். பிரபாவதி கடைசி ஓலையைப் பிரித்து, பயபக்தியோடு சாபத்தைப் படித்தார்.

பாப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"எழுந்திரு சாமி! எங்க மாமனாரோட அப்பன்தான் அந்த நல்லசாமி. மாட்டுக்கு வைத்தியம் பாக்கப் போன வூட்லல்லாம் ஏட்டத் தூக்கிகினு வந்து, கடைசியில தன் பேரையும் சாபத்தையும் எழுதி வச்சிக்குவாரு. உங்கப்பா தன்னோட சொந்த வூட்டு ஏட்டத்தான் வந்து கேட்டு வாங்கிகினு போனாரு!"

பொறுமையாகக் கேட்டிருந்தீர்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் பால் பொங்கட்டும், பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் வளரட்டும், வாசலுக்கு வருகிறவர்கள் வயிறு நிறைந்து போகட்டும்.