பதினோராவது மென்பொருள்

உலகத்தில் பொருள் வாங்குகிறவர்கள் உண்டு, வாங்காதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், எதை வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டுகிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. நான் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் ஒப்பீட்டாளர். சலவை இயந்திரம் வாங்கப்போகிறேன் என்று அப்படி ஒருவரிடம் வாய்தவறிச் சொல்லிப் பாருங்கள். அழுக்குத் துணி அழுக்காகவே கிடக்கும்.

நான் சொல்லப்போகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடையில் ஆள் மின்னல். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாலு கேள்வியில் யாருக்கும் லென்ஸை முடிவு செய்துவிடுவார். வீட்டுக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தால்தான் வேறு மனிதர்.

அவருடைய அப்பா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டோடு முன்னறைக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். ஆறு வாரம் படுக்கை. முப்பது வருஷம் ஒரு இடத்தில் நிற்காமல் ஓடியவர் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் கிடப்பார்? மூன்றாம் நாள் மகனைக் கூப்பிட்டார்.

"நீ எடுத்த வீடியோ எல்லாம் இருக்குமில்ல. ஒரு டிஸ்க்ல போட்டுக் குடேன். உங்கம்மா போய் ரெண்டு வருஷமாச்சு. பாக்கணும்போல இருக்கு."

அந்த வீட்டில் அவர் சொன்னபடி கேட்கும் ஒரே இயந்திரம் டிவிடி பிளேயர்தான். மகன் உடனே தலையாட்டினார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள போட்டுத் தரேன்ப்பா."

மனதாரத்தான் சொன்னார். இந்த இனத்தாருக்கு அன்பில் ஒரு குறையும் கிடையாது. அப்பாவுக்கு என்றால் நல்லதாக இருக்க வேண்டாமா? அங்கேதான் ஆரம்பித்தது வினை.

டிவிடி தயாரிக்கும் மென்பொருள் எத்தனை இருக்கிறது என்று தேடினார், பதினொன்று அகப்பட்டது, ஒன்றில் மெனு அழகாக இருந்தது, ஆனால் அதற்குப் பின்னணி இசை வைக்க முடியவில்லை, இன்னொன்றில் இசை வந்தது, ஆனால் சோதனைப் பதிப்பு என்பதால் படத்தின் நடுவில் தன் பெயரைப் பட்டையாகப் போட்டுக்கொண்டது, மூன்றாவது எல்லாம் செய்தது, ஆனால் யாரோ முகம் தெரியாத ஒருவர் அதற்கு இரண்டே நட்சத்திரம் கொடுத்திருந்தார், ஏன் இரண்டு என்று அவருக்கே எழுதிக் கேட்டு, பதிலுக்கு நான்கு நாள் காத்திருந்தார். பதில் வந்தது. "கைதவறி அழுத்திவிட்டேன்."

ஞாயிறு வந்தது, போனது. அடுத்த ஞாயிறும் அப்படியே.

மனைவி பள்ளி ஆசிரியை. திருத்த வேண்டிய நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டாள்.

"என்னங்க, ஏதாவது ஒண்ணுல போட்டுக் குடுத்தா என்ன? மாமா தினமும் என்னைத்தான் கேக்கறாரு."

"ஒண்ணே ஒண்ணு பாக்க வேண்டியிருக்கு. அவசரப்பட்டு எதையாவது போட்டுட்டு அப்புறம் யார் வருத்தப்படறது?"

"நீங்க பாத்து முடிக்கறதுக்குள்ள மாமா எழுந்து நடக்க ஆரம்பிச்சிடுவாரு."

அவர் காதில் அது விழவில்லை. பதினோராவது மென்பொருள் இறங்கிக்கொண்டிருந்தது.

நான்காவது சனிக்கிழமை. அவர் கடைக்குப் போன பிறகு ஆசிரியை கணினியைத் திறந்தாள். டிஸ்க் எழுதும் கருவியோடு பெட்டியிலேயே இலவசமாக ஒரு மென்பொருள் வந்திருந்தது. இலவசம் என்பதாலேயே அவர் அதைத் தம் பட்டியலில் சேர்க்கவில்லை. 'அடுத்து', 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்தினாள். துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தாள். டிஸ்க் தயார்.

கடைக்காரர் வீடு திரும்பியபோது முன்னறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே ஓடினார். திரையில் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பூங்கா மரத்தடியில் நின்றிருந்தாள்.

"எடுக்கறியா இல்லையாடா? நின்னு நின்னு கால் வலிக்குது."

"இரும்மா. வெளிச்சம் எந்தப் பக்கம் நல்லா இருக்குன்னு பாக்கறேன்." அது அவருடைய குரல்.

மூன்று நிமிடம் வெளிச்சம் பார்த்தார். அம்மா குடையை மடக்கி, புடவையைச் சரிசெய்து, கடைசியில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மூன்று விநாடிகூட இருக்காது. படம் அதோடு முடிந்தது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ரிமோட்டால் மறுபடி முதலிலிருந்து போட்டார்.

 கடைக்காரர் வாயில் வந்ததைச் சொன்னார். "மெனு இல்லையேப்பா."

"மெனு எதுக்கு? நான் என்ன ஹோட்டல்லயா படுத்திருக்கேன்? உக்காரு."

யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் மாவுக்கட்டுக் காலை மெல்ல நகர்த்தி இடம் செய்துகொண்டு, ஏழு முறை அந்தச் சிரிப்பைப் பார்த்தார். அன்றே பதினொரு மென்பொருளையும் அழித்தார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலை, இந்த டிஸ்க் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று அவருக்கு ஒரு கவலை வந்தது. நகல் எடுத்து வைக்க எந்த டிஸ்க் அதிக வருஷம் உழைக்கும் என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார். பட்டியலில் ஒன்பது சேர்ந்திருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். இந்தப் புத்தகத்தில் எதை முதலில் படிக்கலாம் என்று எல்லாத் தலைப்பையும் இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தானே இந்தப் பக்கத்துக்கு வந்தீர்கள்?