முப்பதுக்கு மேல் போகாத ஸ்கூட்டர்

மயிலாப்பூர்
9-2-95

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஸ்ரீவத்சனுக்கு, மாமனார் பட்டாபிராமன் அநேக ஆசீர்வாதம். இங்கே நான், உங்கள் மாமியார் கோமளம், நீங்கள் பெங்களூர் போகும்போது விட்டுச்சென்ற ஸ்கூட்டர் மூவரும் சௌக்கியம். பெண் ரஞ்சனிக்கு இருமல் நின்றதா?

நிற்க. லஸ் முனையில் நான் பறக்கிறேன் என்று எவனோ சொன்னானாம், ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துப் போகிறீர்களாம். டெலிபோனில் நீங்கள் சொல்லித்தான் கேட்டேன். வண்டி போய்விட்டால் ரிட்டயரான மனுஷன் நாள்பூரா வீட்டில் உட்கார்ந்து கொத்தவரங்காய்தான் நறுக்க வேண்டும். ஸ்பீடாமீட்டர் முள் முப்பதைத் தாண்டியதே இல்லை என்றேன், முள்ளே பொய் சொல்கிறது என்றீர்கள். சரி, முள்ளுக்கே பரீட்சை வைத்துவிடலாம் என்று நான் கைக்கடிகாரத்தைத் தேட, கோமளம், "கடியாரமெல்லாம் எதுக்குன்னா? என் சகஸ்ரநாமம் இருக்கே. உலையில அரிசியைப் போட்டுட்டு ஆரம்பிச்சா, முடிக்கறப்போ சாதம் பதமா இருக்கும். ஒருநாளாவது குழைஞ்சிருக்கா?" என்றாள். வாஸ்தவம்தான், குழைந்ததில்லை.

ஆகவே முந்தாநாள் விடியற்காலை, தெப்பக்குளத்திலிருந்து வேளச்சேரிக்கு அம்மாசியின் ஆட்டோவில் கிளம்பினோம். "முப்பதுக்கு மேல முறுக்குனா வண்டி பட்த்துக்கும் சார்" என்று சத்தியம் செய்தான். கோமளம் ஆயிரம் நாமமும் சொல்லி முடித்த இடம் ஏரிக்கரை. நேற்று அதே வழியில் ஸ்கூட்டர், முள் முப்பதில், பின்னால் கோமளம். எங்கே முடித்தாள் தெரியுமோ? அதே ஏரிக்கரை. கிலோமீட்டர் கணக்கும் இரண்டு வண்டியிலும் ஒன்றே. சாட்சிக்காக முன்னாலேயே அனுப்பி வைத்த அம்மாசி மட்டும், நாங்கள் இளநீர் குடித்து வழுக்கையும் தின்ற பிறகு வந்து சேர்ந்து, "இன்னா சார், ராக்கெட் கணக்கா போய்க்கினு கீற?" என்கிறான். மெட்ராஸில் ஆட்டோக்காரன் பேச்சை நம்புகிற ஜன்மம் உண்டோ மாப்பிள்ளை?

ஆகையால் நீங்கள் வீணாக அலைய வேண்டாம். தம்பதிகள் இருவரும் சகல சௌபாக்கியத்துடன் அங்கேயே இருக்கப் பெருமாளை வேண்டும்,

பட்டாபிராமன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் கோமளம் படித்துப் பார்த்தாள். மந்தைவெளி தாண்டினதுமே கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டாளாம். "நீங்க ஓட்டின ஓட்டத்துக்கு ஒத்தை மூச்சுல சொல்லிண்டு வந்தேன். பெருமாளை இவ்வளவு அவசரமா நான் கூப்பிட்டதே இல்லை" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் சாவியை என்னிடம் கேட்க வேண்டாம். அதை அவள் நேற்றே புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டுவிட்டாள்.