பாயிண்ட் அண்ணன் கேட்காமல் விட்டது

திருப்பதியில் ஏழுமலையானைத் தவிர மற்ற எல்லாருக்கும் மார்க் போட்ட ஒரே ஆள், எங்கள் விடுதியின் ‘பாயிண்ட்’ அண்ணன்தான். கனடாவில் குடியேற முயன்ற நாளிலிருந்து அந்த வியாதி. படிப்புக்கு இவ்வளவு, வயசுக்கு இவ்வளவு என்று அந்த நாட்டார் ஆளை எடைபோடுகிறார்கள் அல்லவா? இவர் மெஸ் சாம்பாரை எடைபோட்டார்.

“உப்பு இல்ல. ரெண்டு பாயிண்ட் கட்.”

என் குறட்டைக்கும் கட். அறைத்தோழனாக நான் ஒருநாளும் பாஸானதில்லை.

கட்-ஆஃபுக்கு அவருக்குக் கொஞ்சம்தான் குறைந்தது. கூடப்பிறந்தவர் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தால் கூடுதல் பாயிண்ட் உண்டு என்று தெரிந்ததும் துள்ளினார். உடனே வாடினார். தங்கை டொரான்டோவில்தான் இருந்தாள். ஆனால் தெலுங்குப் பையனைக் கட்டிக்கொள்கிறாள் என்று, நகரி ஊரில் நடந்த கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. இப்போது அவள் அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பதைக் காட்டும் பி.ஆர். கார்டின் நகல் வேண்டும். அதுவும் பிறந்தநாளுக்குள். ஒரு வயது கூடினால் பாயிண்ட் இன்னும் குறையும்.

ஒத்திகைக்கு நான்தான் தங்கை. மீசையோடு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, “சொல்லுண்ணா” என்றேன்.

“உன் கார்டு காப்பி...” என்றவர் நிறுத்தினார். “த்தூ! இந்த மூஞ்சிக்குப் பாயிண்டே கெடையாது. நேராவே பேசிக்கிறேன்.”

பேசினார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அந்தப் பக்கம் தங்கையின் குரல் மெதுவாக, “அண்ணா... துன்னியா?”

“துன்னுக்கினுதான் கீறேம்மா” என்றார். எதிரில் தட்டுகூட இல்லை.

மறுநாளும் பேசினார். அதற்கடுத்த நாளும். தங்கை மகளுக்குப் பல் விழுந்த கதையெல்லாம் வந்தது. கார்டைப் பற்றி மூச்சில்லை.

“கேளுண்ணா, நாள் போய்க்கினே கீது!” எனக்குத்தான் பதற்றம்.

“இன்னான்னு கேக்கறது? இத்தினி வருசம் திரும்பிப் பாக்காத அண்ணன் கார்டுக்கோசரம் வந்தான்னு அவ நெனச்சிக்கினா?”

பிறந்தநாள் வந்தது. பாயிண்ட் குறைந்தது. கனடாவும் கைவிட்டுப் போனது. அன்று தங்கை மகள் போனில் “ஹேப்பி பர்த்டே மாமய்யா” என்று பாடினாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்டார். முகத்தை எனக்குக் காட்டவில்லை.

அன்று சாம்பாரில் சுத்தமாக உப்பில்லை. எத்தனை கட் என்று காத்திருந்தேன். இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டவர், என் தட்டைப் பார்த்தார்.

“நீ துன்னியாடா?”