முதல் டிரிப்பிலேயே கேஸ்

ஜெபதுரைக்கு அப்படியொன்றும் பெரிய ஆசை இல்லை. கட்டிய மனைவியோடு உட்கார்ந்து, ஆற அமர ஒரு டீ குடிக்க வேண்டும். இதற்கு ஒரு மனுஷன் பஸ் வாங்க வேண்டுமா என்று கேட்காதீர்கள். டெல்லி ஜனக்புரியில் வாங்க வேண்டியிருந்தது.

மரியபுஷ்பம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். காலையில் நின்றபடியே டீயை விழுங்கிவிட்டு ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடுவாள். சாயங்காலம் கால் வீங்கி வருவாள், பேச்சு வராது. ஞாயிறென்றால் சர்ச், பாட்டு பிராக்டிஸ். ரிட்டயர் ஆகி வீட்டோடு கிடக்கும் ஜெபதுரைக்கு, இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் மேல் இப்போதுதான் புதுசாக ஏக்கம் பிடித்து ஆட்டியது. அவள் குடித்து வைத்த கப்பைக் கழுவவே மனசு வராது. வெளியே சொல்கிற வயசா இது? சொல்லவில்லை.

அப்போதுதான் காலனியிலிருந்து மெட்ரோ ஸ்டேஷனுக்கு மினி பஸ் விடலாம் என்று சங்கத் தலைவர் ராஜகோபாலன் கிளம்பினார். எலக்ட்ரிக்கா, கேஸில் ஓடும் சிஎன்ஜியா? ஆராய்ந்து அறிக்கை தரும் பொறுப்பு செயலாளர் ஜெபதுரை தலையில் விழுந்தது.

விசாரிக்க கேஸ் பம்புக்குப் போனார். அங்கே ஒரு சட்டம். கேஸ் நிரப்பும்போது வண்டியில் ஒருத்தரும் உட்காரக் கூடாது, எல்லாரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். ஆட்டோவிலிருந்து இறங்கிய ஒரு புருஷனும் பெண்சாதியும் வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்த ஜெபதுரை, விசாரிக்க வந்ததையே மறந்துவிட்டார்.

அறிக்கை எட்டுப் பக்கம். எலக்ட்ரிக் பஸ்ஸைக் கிழி கிழியென்று கிழித்தார். டெல்லிக் குளிருக்கு பேட்டரி சுருண்டு படுத்துவிடும். சத்தமே இல்லாத வண்டிக்கு எந்த மாடு வழி விடும்? கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: தினமும் முதல் டிரிப்பிலேயே கேஸ் நிரப்ப வேண்டும், மேற்பார்வைக்குச் செயலாளர் கூடவே போவார்.

முதல் டிரிப்பில் போகப்போகிறவள் மரியபுஷ்பம். அவள்தான் அறிக்கையை முதலில் படித்தாள். பொடி எழுத்து நர்ஸ் கண்ணுக்குத் தப்புமா?

"மத்தியானம் வண்டி சும்மாதான நிக்கும். காலைல எதுக்கு கேஸ்?"

"காலைல பிரஷர் நல்லாருக்கும், புஷ்பம்."

"எல்லாரும் இறங்கணுமே."

"இறங்கணும்தான். பக்கத்துல டீக்கடை இருக்கு."

அவள் அறிக்கையை மடித்து வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். குரல் இறங்கித்தான் வந்தது.

"கேஸ்னா நான் இருபது நிமிஷம் முன்னாடி கிளம்பணும். கரண்டு வண்டின்னா ராத்திரியே சார்ஜ் ஆயிரும், நேரா ஸ்டேஷன். அந்த இருபது நிமிஷமும் நாம ரெண்டு பேரும் நம்ம வீட்லயே இருக்கலாம்லா."

இருக்கலாம்லா! ஜெபதுரை அன்றைக்கே அறிக்கையைத் தலைகீழாகப் புரட்டினார். அதே எட்டுப் பக்கம். குளிருக்கெல்லாம் அசையாத பேட்டரி. சத்தமில்லாத வண்டியைக் கண்டு எந்த மாடும் மிரளாது. இவ்வளவு நடுநிலையான அறிக்கையைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று ராஜகோபாலன் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எலக்ட்ரிக் பஸ்ஸே வந்தது.

முதல் நாள் காலை ஜெபதுரை அலாரத்துக்கு முன்னாலேயே எழுந்தார். இஞ்சி தட்டிப் போட்டு டீ கொதிக்க வைத்தார். விருந்தாளிக்கென்று எடுத்து வைத்திருந்த கப் இரண்டைத் தேடி எடுத்தார். தட்டோடு கட்டிலருகில் போய் உட்கார்ந்தால், அம்மணி போர்வைக்குள்.

"புஷ்பம், டீ."

கண் திறக்கவில்லை. கை மட்டும் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு நாளாயிற்று!

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. தூங்குதேன்."

"ரெண்டு பேரும்னு சொன்னியே?"

"ரெண்டு பேரும் வீட்லதான இருக்கோம். முழிச்சிருப்பேன்னு சொன்னேனா?" என்றவள் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தாள். "அந்த வண்டி வந்தா சத்தமே கேக்காதாம். டீயை எடுத்துட்டு வாசல்ல போய் நில்லுங்க, வந்ததும் எழுப்பி விடுங்க."