அடார்க்வாவின் தும்மல்

சொந்த வீட்டில் சாப்பிடுவதற்கு ஓர் அவித்த முட்டையிடம் இனி அனுமதி கேட்பதில்லை என்று, செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு அடார்க்வா முடிவு செய்தார்.

குமாசி நகரில் லாரி எஞ்சின்களைப் பிரித்துக் கோர்ப்பதில் முப்பது வருடம் பேர் வாங்கியவர் அவர். பட்டறையில் அவர் கனைத்தால் பதினோரு பேர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் அவர் கனைத்தால் மனைவி செவா தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அவ்வளவுதான். அவர் நூற்று நாற்பத்தெட்டு கிலோ இருந்தபோதே அவள் அசையவில்லை. இரண்டு மாதம் முன்பு டாக்டர்கள் அவருடைய இரைப்பையை வெட்டித் தைத்து ஒரு வாழைப்பழ அளவுக்குச் சுருக்கிய பிறகு, அந்த வாழைப்பழத்தின் நிர்வாகமும் செவாவின் கைக்குப் போய்விட்டது.

முட்டை என்பது நர்ஸ் ஜம்ஃபுவாவின் யோசனை. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் அன்று இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள். வயிற்றுப் பசி மெல்ல வரும், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். வாய்ப் பசி திடீரென்று வரும், பதார்த்தத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே வரும். ஓர் அவித்த முட்டையை நீட்டிப் பார்த்தால் எந்தப் பசி என்று தெரிந்துவிடும். நிறைவும் இனிமேல் பழைய மாதிரி பாரமாக வந்து உட்காராது. ஒரு விக்கல், ஒரு பெருமூச்சு, நெஞ்சுக்குழியில் சின்ன அழுத்தம் என்று ஆளுக்கு ஓர் அடையாளம். அது வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். தன் அடையாளம் எது என்று அவரவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

தனக்கு அப்படி எதுவும் கிடையாது என்று அடார்க்வா அங்கேயே சொல்லிவிட்டார். தன்னுடையது நேர்மையான வயிறு, நிறைந்தால் வாய்விட்டுச் சொல்லும் என்றார். செவா வீடு திரும்பும் வழியில் முட்டை வாங்கினாள். மறுநாளிலிருந்து மேசைமேல் ஒரு தட்டில் அவித்த முட்டை ஒன்று இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் இருந்தது. பக்கத்து முற்றத்தில் யாரோ மரவள்ளியும் வாழைக்காயும் போட்டு ஃபுஃபு இடித்துக்கொண்டிருந்தார்கள். உலக்கைச் சத்தம் சுவரைத் தாண்டி வந்து அவர் நாக்கின்மேல் விழுந்தது.

"பசிக்குது" என்றார்.

"முட்டை இருக்கு."

"முட்டை வேணாம்."

"அப்போ பசியில்லை."

"எனக்குப் பசிக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குக் கேக்குறது உலக்கைச் சத்தம். அது காதுக்கு வர்ற பசி. காதுக்கு நான் என்னத்தைப் பரிமாறுறது?"

அவள் இப்படிப் பேசுவதற்குக் காரணம் இருந்தது. மூன்று வாரம் முன்பு, அவள் சந்தைக்குப் போன நேரத்தில் அவர் ஓர் உருண்டை ஃபுஃபுவைப் பழைய பழக்கத்தில் அப்படியே விழுங்கினார். ஃபுஃபுவை விழுங்கத்தான் வேண்டும். மெல்லுகிறவனை ஊரில் மனிதனாக மதிப்பதில்லை. உருண்டை நெஞ்சுக்குக் கீழே வந்து நின்றுகொண்டது. செவா திரும்பி வந்தபோது அவர் சாக்கடை ஓரம் குந்தியிருந்தார், வாயிலிருந்து நுரை நுரையாக எச்சில் வழிய. மாலை வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு மட்டும் சொன்னாள்.

"அந்த ஆஸ்பத்திரி நடையில ஒரு தடவை உட்கார்ந்து எழுந்திரிச்சிட்டேன். இன்னொரு தடவை உட்கார்ந்தா எழுந்திரிப்பேனான்னு தெரியலை."

அது அவருக்குள் எங்கோ போய்த் தைத்தது. ஆனால் தைத்த இடத்தில் வலி ஆறியதும் பசி, அல்லது பசி மாதிரி ஏதோ ஒன்று, மறுபடி முளைத்தது.

திட்டம் எளிமையானது. மாலையில் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்பது நர்ஸின் உத்தரவு. தெருவில் எல்லா வீடுகளும் சாப்பிடுவது அந்த நேரத்தில்தான். சாப்பிடும்போது யார் வாசலில் தலை காட்டினாலும், "உங்க கையும் இதுல இருக்கு" என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். வந்தவர், "இருக்கட்டும், நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்லி நகர வேண்டும். இரண்டுமே மரியாதைக்கு. இத்தனை வருடத்தில் அந்தத் தெருவில் யாரும் நிஜமாகக் கையை நீட்டியதில்லை.

அடார்க்வா நீட்டினார்.

முதல் வீடு துணி விற்கும் அட்டாவுடையது. அவள் அந்த மரியாதை வார்த்தையைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் எதிரே உட்கார்ந்து கை கழுவத் தண்ணீர் கேட்டதும் அந்த விதவை திகைத்துப்போனாள். ஆனாலும் தன் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் சுண்டைக்காய் அளவு ஃபுஃபு கிள்ளிச் சாற்றில் தோய்த்து வாயில் போட்டார். சாக்கடை ஓரம் நினைவுக்கு வந்தது. தலையைத் திருப்பிக்கொண்டு, யாரும் பார்க்காதபடி, மென்றார். நாலாவது கிள்ளலில் மூன்று முறை தும்மினார். காரம் அதிகம் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார்.

அன்று ராத்திரி வீட்டில் இரண்டாவது கரண்டியிலேயே தும்மினார். வழக்கமாக ஆறாவது கரண்டியில்தான் தும்முவார். செவா நிமிர்ந்து பார்த்தாள்.

"புழுதி" என்றார் அவர். பாலைவனப் புழுதியை அள்ளிவரும் ஹர்மத்தான் காற்று அடிக்கும் மாதம் அது. ஊரே தும்மிக்கொண்டிருந்தது. சாட்சிக்குப் பஞ்சமில்லை.

அடுத்த நாளிலிருந்து அவருடைய அதிர்ஷ்டம் நம்ப முடியாததாக இருந்தது. அட்டா அவரைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்த் தனியாக ஒரு சின்னக் கிண்ணம் கொண்டுவந்தாள். எலும்பில்லாத மீனும் கொன்டோமிரே கீரையும் வெண்ணெய் போல் மசித்திருந்தன. பெரிய மனிதரைத் தன் எச்சில் சட்டியில் கை வைக்க விட்டது தப்பாகப் போயிற்று என்றாள். மூன்று வீடு தள்ளி, தச்சர் போவாடுவின் வீட்டிலும் ஒரு சின்னக் கிண்ணம். மசித்த சேனைக்கிழங்கில் செம்பனை எண்ணெய், அதன் மேலே ஓர் அவித்த முட்டை.

அந்த முட்டையை அடார்க்வா ரசித்துச் சாப்பிட்டார். வீட்டு முட்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வியந்தார். இது பக்குவமாக வெந்த முட்டை. மஞ்சள் கருவில் ஓர் ஈரம் இருந்தது. செவாவுக்கு இந்தக் கைப்பக்குவம் வரவே வராது என்று போவாடுவிடமே சொன்னார். போவாடு சுவரைப் பார்த்து இருமினான்.

ஒரே ஒரு குறை. எந்த வீட்டிலும் கடைசி வாய் வரை அவரை விட்டதில்லை. அவர் தும்மியதும் கிண்ணம் மறைந்துவிடும். அட்டா எடுத்தால் பூனை வருகிறது என்பாள். போவாடு எடுத்தால் காரணமே சொல்லமாட்டான். ஊரில் கஞ்சத்தனம் பெருகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் முட்டை தட்டிலேயே கிடந்தது. பசியில்லை என்பார். செவா சரி என்பாள். அந்தச் சரியில் ஒரு துளி சந்தேகம்கூட இல்லாதது முதலில் சந்தோஷமாக இருந்தது. நான்கு வாரம் இப்படி ஓடியது. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியது. அவருக்குத் தூக்கம் போயிற்று. இரண்டு வீட்டுச் சாப்பாடும் எடைக் கருவியில் ஏறி நின்று சாட்சி சொல்லப்போகிறது. வாழைப்பழம் மறுபடி பூசணிக்காய் ஆகியிருந்தால், மறுபடி கத்தி, மறுபடி அந்த நடை, அதில் செவா. நடுவில் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். தும்மல்கூட வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளன்று இருப்பதிலேயே மெல்லிய சட்டையைப் போட்டுக்கொண்டார். சாவிக்கொத்தை செவாவிடம் கொடுத்தார். செருப்பையும் மூக்குக் கண்ணாடியையும் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எடைக் கருவியில் ஏறினார்.

"நூற்றுப் பதினாலு" என்றாள் ஜம்ஃபுவா. "போன தடவை நூற்றிருபத்திரண்டு. எட்டு கிலோ குறைஞ்சிருக்கு. எப்படி ஐயா?"

"கட்டுப்பாடு" என்றார் அடார்க்வா, கண்ணைத் திறந்து.

"நிறைஞ்சுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறீங்க?"

அவர் யோசித்தார். செவா யோசிக்கவில்லை.

"தும்முவாரு" என்றாள்.

"அது புழுதி."

"காத்து நின்னு பத்து நாளாச்சுங்க."

அவள் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நர்ஸிடம் கொடுத்தாள். ஜம்ஃபுவா அதை வாய்விட்டே படித்தாள். அட்டா வீடு, மீன், நாலு கரண்டி, தும்மினார். போவாடு வீடு, கிழங்கு, முட்டை பாதி, தும்மினார். சொன்னது போலவே சின்னச் சின்னதாக, மென்று, அடையாளம் வந்ததும் நிறுத்தி. இப்படி நடந்துகொள்ளும் ஆம்பளையைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றாள் நர்ஸ்.

வெளியே மரத்தடியில் வண்டிக்குக் காத்து நிற்கும்போதுதான் அவருக்குக் குரல் வந்தது.

"அந்தக் கிண்ணமெல்லாம்?"

"நான் சமைச்சது. அஞ்சு மணிக்கே கொண்டுபோய்க் கொடுத்துடுவேன்."

"முட்டை?"

"அதுவும் நம்ம வீட்டு முட்டைதான். பக்குவமா வெந்திருந்துதாமே."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மறுநாள் காலையில விடியுறதுக்குள்ள அட்டா ஓடி வந்தா. உங்க வீட்டுக்காரருக்கு என்னமோ ஆயிடுச்சு, ஃபுஃபுவை மெல்லுறாருன்னு அழுதா." செவா சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கும் அழுகை வந்துச்சு. வேற காரணம். நான் பார்க்காத இடத்துலயும் மென்னீங்களே."

வண்டி வந்தது. ஏறினார்கள்.

ஆனால் முப்பது வருடம் எஞ்சின் பிரித்தவர் ஒரு தோல்வியோடு படுத்துவிடமாட்டார். மறுநாள் மாலை அட்டா வீட்டை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாண்டினார். போவாடு வீட்டைத் தாண்டினார். தெருவைத் தாண்டி, பெட்ரோல் பங்கையும் கோழிப்பண்ணையையும் தாண்டி, தன் பெயரோ முகமோ யாருக்கும் தெரியாத ஒரு சந்தில் நுழைந்தார். ஒரு முற்றத்தில், முன்பின் பார்த்திராத ஒரு மனிதர் சட்டியின் முன் உட்கார்ந்திருந்தார்.

"உங்க கையும் இதுல இருக்கு" என்றார் அந்த மனிதர்.

அடார்க்வா சட்டைக் கையை மடக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

அந்த மனிதர் அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"அம்மாடி, தும்முறவர் வந்திருக்காரு. அந்தச் சின்னக் கிண்ணத்தை எடுத்துட்டு வா."